வந்தாரை வாழவைக்கிறதா வடசென்னை?



ஒரு ஞாயிறு காலை. முதல் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆலயத்தின் கடைசித் தூண் அருகே நான்கு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். பாடல் எதையும் அவர்கள் பாடவில்லை. மறையுரை அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் எழ வேண்டிய நேரத்தில் எழுந்தார்கள், முழந்தாளிட வேண்டிய நேரத்தில் முழந்தாளிட்டார்கள், நற்கருணை பெற்றார்கள். அருகில் சென்று விசாரித்தோம். ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். மணலிப் பக்கம் ஓர் ஆலையில் வேலை. மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதே தூண் அருகேதான் நின்றிருக்கிறார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் பேசவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. இவர்கள் யார்? எங்கிருந்து, எதற்காக இத்தனை தூரம் வருகிறார்கள்? நாம் அறிந்தவரை இதைப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், நாம் எங்கிருந்து வந்தோம்?

இராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. துறைமுகம் இல்லாத காலத்தில் நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில் சரக்கையும் பயணிகளையும் கரை சேர்த்த படகோட்டிகள், தங்கள் உழைப்பின் காசில் 1829இல் எழுப்பியது இங்குள்ள புனித இராயப்பர் ஆலயம். கடல் தந்த வேலையைச் சார்ந்து வளர்ந்த ஊர் இது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சுற்றுப்புற மாவட்டங்களின் ஏழை மக்கள் கஞ்சித் தொட்டியைத் தேடிச் சென்னைக்கு வந்தார்கள். துறைமுகம், பெரம்பூர் பஞ்சாலைகள், பிறகு எண்ணூர், திருவொற்றியூர், மணலித் தொழிற்சாலைகள் என்று வேலை பெருகப் பெருக, செங்கல்பட்டு, வடாற்காடு, நெல்லூர்ப் பக்கமிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. 1960களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் பலர் கப்பலில் வந்து இறங்கியது நம் துறைமுகத்தில்தான். வியாசர்பாடியின் அத்தோ கடைகளும் கடற்கரை இரயில் நிலையம் எதிரே உள்ள பர்மா பஜாரும் அவர்கள் உழைப்பின் சாட்சிகள். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இன்றும் புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் வாழ்கிறார்கள்.

இதே கரையிலிருந்து போனவர்களும் உண்டு. 1860இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குச் சென்றது. மொழி தெரியாத நாட்டில் கரும்புத் தோட்டத்தில் உழைக்கப் போனவர்கள் நம் மக்கள். ஆக, வடசென்னையில் ‘நான் இந்த மண்ணுக்காரன்’ என்று மார்தட்டுபவர், தம் பாட்டனின் ஊரை ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

இன்று வருபவர்கள் யார்?

தமிழக அரசின் தொழிலாளர் துறை 2016இல் எடுத்த கணக்கின்படி, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 10.67 இலட்சம் பேர் இங்கு இருந்தார்கள். அவர்களில் பலர் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் சென்னையிலும் இருந்தார்கள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப் பிரதேசம் ஆகியவை இவர்களின் ஊர்கள். காசிமேட்டு விசைப்படகுகளில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்து மீனவர்களையும் பார்க்கிறோம். இவர்களை ‘இந்திக்காரர்கள்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். ஆனால் ஒடியா, வங்காளம், அசாமியம், சாத்ரி, தெலுங்கு என்று பலவும் இவர்களின் தாய்மொழிகள். பலருக்கு இந்தியும் நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழிதான். சிம்டேகா மாவட்டத்தில் மக்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏன் வருகிறார்கள்?

காரணங்கள் இரு பக்கமும் இருக்கின்றன.

அங்கே: நிலம் சிறிது, குடும்பம் பெரிது. வட பீகாரில் கோசி ஆற்று வெள்ளம் அடிக்கடி விளைச்சலைக் கொண்டுபோகிறது. மழையை மட்டும் நம்பிய மலைநாட்டு விவசாயம் வருடத்தில் சில மாதமே வேலை தருகிறது. பீகாரின் தனிநபர் வருமானம் நாட்டின் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அக்காவின் கலியாணத்துக்கும் அப்பாவின் மருத்துவத்துக்கும் வாங்கிய கடன் வேறு.

இங்கே: ஆலைகளும் கட்டடங்களும் பெருகுகின்றன, கைகள் குறைகின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3.0. உயர்கல்வி வயதில் உள்ள நம் பிள்ளைகளில் 100க்கு 47 பேர் 2021-22இல் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். இந்தியச் சராசரி 28தான். பொறியியல் படித்த மகனை மூட்டை தூக்க நாம் அனுப்புவோமா? மாட்டோம். அந்த இடத்தை வேறு ஒரு தாயின் மகன் நிரப்புகிறான்.

வரும் வழியும் தற்செயலானதல்ல. ஊரிலேயே ஒரு முகவர் முன்பணம் கொடுத்துக் குழுவாக அழைத்து வருவார். அல்லது முதலில் வந்த ஒருவர் தம்பியை அழைப்பார், தம்பி பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பார். எனவேதான் ஒரே ஆலையில் ஒரே கிராமத்தார் இருபது பேரைக் காண்கிறோம்.

நம் வேலையைப் பறிக்கிறார்களா?

இது நம் பங்குமக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆலை வேலை போன ஐம்பது வயது அப்பாக்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் வலி பொய்யல்ல. ஆனால் அந்த வேலை எப்படிப் போனது? நிரந்தர வேலை ஒப்பந்த வேலையானது. சங்கம் சேர முடியாத, பன்னிரண்டு மணி நேரம் நிற்கத் தயங்காத, ஆலை வளாகத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கும் தொழிலாளி மலிவாகக் கிடைத்தார். மலிவு என்பது அவர் விருப்பமல்ல, அவருடைய இயலாமை. அவருக்கும் நமக்கும் ஒரே கூலி, ஒரே பாதுகாப்பு என்றால், அவரை வைத்து நம் கூலியைக் குறைக்க யாராலும் முடியாது. ஆகவே அவருடைய உரிமைக்காகப் பேசுவது நம் பிள்ளைகளின் உரிமைக்காகவும் பேசுவதே.

யார் விலை கொடுக்கிறார்கள்?

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது, கூலியும் இரயிலும் இன்றி இவர்கள் தவித்ததைக் கண்டோம். 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயில் ஒடிசாவின் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. அந்தக் கோர விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். 2025 செப்டம்பர் 30 அன்று, நம் எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். அந்த நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியாகும்போது நம் வீட்டு விளக்குகளும் அதில் எரியும்.

இரத்தம் சிந்தாத காயங்களும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. அச்சத்தில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து விசாரித்துச் சென்றது. செய்தி பொய்யானது. ஆனாலும் அது நம்பும்படியாக இருந்தது ஏன்? தேநீர்க் கடையில் நாம் அவர்களை அழைக்கும் விதமும், ஒரே அறைக்கு அவர்களிடம் கூடுதல் வாடகை கேட்கும் விதமும் அந்தப் பொய்க்கு உரமாகவில்லையா?

நாம் என்ன செய்யலாம்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டு புலம்பெயர்ந்தோர் நாள் செய்தியில் நான்கு செயல்களைக் கேட்டார்: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல். இவை நம் தெருவில் மிக எளிமையானவை.

முதலாவது, பெயரைக் கேட்பது. ‘தம்பி, எந்த ஊர்?’ என்பதற்கு மொழி பெரிய தடையல்ல.

இரண்டாவது, தகவல் சொல்வது. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. எனவே தகுதியுள்ளவர் தம் சொந்த மாநில அட்டையை வைத்தே இங்கு உணவு தானியம் பெறலாம். இ-ஷ்ரம் பதிவும் உண்டு. நம் இளையோர் ஒரு மாலை நேரத்தைக் கொடுத்தால் பத்துப் பேருக்குப் பதிவு செய்து தரலாம்.

மூன்றாவது, குடும்பத்தோடு வந்தவர்களின் குழந்தைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க உடன் செல்வது. ஒரு தலைமுறையில் அந்தக் குழந்தை நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும்.

நான்காவது, நம் வீட்டு வாடகையையும் நாம் கொடுக்கும் கூலியையும் மனச்சான்றோடு பார்ப்பது.

இறுதித் தீர்ப்பைப் பற்றிய நற்செய்திப் பகுதியில் அந்நியனை ஏற்றுக்கொண்டவர்களை ஆண்டவர் எப்படிப் பார்த்தார் என்பது நமக்குத் தெரியும். அவரே கைக்குழந்தையாக எகிப்துக்கு ஓடியவர்தானே!

அந்த நால்வரில் ஒருவர் இப்போது திருப்பலியில் தம் தாய்மொழியில் ஒரு மன்றாட்டு சொல்கிறார். நமக்கு அதில் ஒரு சொல்லும் புரிவதில்லை. ஆனாலும் முடிவில் எல்லாரும் சேர்ந்து ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்கிறோம். அடுத்த ஞாயிறு உங்கள் ஆலயத்தின் கடைசித் தூண் அருகே ஒரு பார்வை பாருங்கள். யாராவது நின்றால், ஓர் அடி எடுத்து வையுங்கள்.