கதவுக்குள் புகுந்த கடல்

திருச்செந்தூர், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் பக்கம் சில வருடம் ஓடிய காரின் கதவடியைக் குனிந்து பாருங்கள். பெயின்ட் ஆங்காங்கே கொப்புளித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செம்பழுப்புத் தூள் உதிரும். பட்டி வைத்து, பெயின்ட் அடித்தால் போதும் என்று தோன்றும். போதாது. இந்தத் துரு உள்ளேயிருந்து வெளியே வந்தது.

கார் கதவு இரண்டு தகடுகளால் ஆனது. வெளித்தகட்டின் ஓரம் உள்தகட்டின் ஓரத்தைச் சுற்றி மடிந்து பிடித்திருக்கும். கண்ணாடியோரத்து ரப்பர் பீடிங்கைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது வடிவதற்கென்றே அடியில் துளைகள் உண்டு. கடற்கரை மணலும் செந்தேரிப் புழுதியும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் அந்த மடிப்பிலேயே தங்கிவிடும்.

அத்தோடு உப்பும் சேருகிறது. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றுகின்றன. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீதமே போதும். ஆகவே மழையில்லாத மாதத்திலும் மடிப்பு காய்வதில்லை. மடிப்பின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, வாயருகே அதிகம். இந்த வேறுபாட்டால் ஒரே தகடு குட்டி பேட்டரிபோல் இயங்க, ஆக்சிஜன் குறைந்த பக்கத்து இரும்பு கரைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பெயின்ட் வீங்குகிறது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இத்தகைய கடலோர அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது.

கதவு காரில் இருக்கும்போது அடிமடிப்பைப் பிரிப்பதும் பின்னாலிருந்து தட்டுவதும் கடினம். வெல்டிங் பொறி சீட்டில் விழுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் நல்ல டிங்கர் முதலில் கதவைக் கழற்றச் சொல்கிறார்.

பேட்டரி இணைப்பை எடுத்த பிறகு உள்பக்க டோர் பேட், ஒயர் கனெக்டர், கதவு அதிகம் விரியாமல் தடுக்கும் பட்டை ஆகியவை வரிசையாகக் கழலும். போல்ட்டைத் தொடுமுன் கீல் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு கிழிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. துணி சுற்றிய கட்டையை ஜாக்கியின் மேல் வைத்துக் கதவைத் தாங்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழ்க்கீலை முதலிலும் மேல்கீலைக் கடைசியிலும் கழற்றுவார்கள்.

துருவேறிய பகுதியைப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத்தகடு வைப்பார்கள். ஒரேயடியாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும். எனவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, நடுவே ஆறவிடுதல். பிறகு துத்தநாக பிரைமர், மடிப்புக்கு சீலர், பெயின்ட், கடைசியாகக் கதவின் உட்குழிவுக்கு மெழுகுப்பூச்சு. இந்த மெழுகைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வடிதுளையை சீலரால் அடைத்துவிட்டாலோ மொத்த வேலையும் வீண்.

மாட்டும்போது போல்ட்டுகளை இலேசாக முடுக்கி, கதவை மெல்லச் சாத்தி, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீல் சரியான பிறகே தூணில் உள்ள லாக் கொக்கியைத் தொட வேண்டும். தொங்கும் கதவைக் கொக்கியை உயர்த்திச் சரிக்கட்டினால், ஒவ்வொரு முறை சாத்தும்போதும் லாக் தேயும்.

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கதவடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துளைகளை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். கதவைக் கழற்றும் செலவைத் தள்ளிப்போட இதைவிட மலிவான வழி இல்லை.