நிலாவாரையும் நமது நலமும்

உண்ட உணவு செரிப்பதும், கழிவு நாள்தோறும் நீங்குவதும் உடல் நலத்திற்கு அடிப்படையாம். நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரும், வேலை மிகுதியால் வேளை தவறி உண்ணும் உழவரும் மலச்சிக்கலால் வருந்துவதை நாம் அறிவோம். இதற்கென வழங்கிவரும் மூலிகைகளுள் நிலாவாரை முதன்மையானது. ஆயுர்வேத வைத்தியர் இதனைச் சுவர்ணபத்ரி என்பர். சித்த வைத்தியர் நிலவாகை என்பர்.

அரபு நாடும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும் இச்செடியின் தாயகம். எனினும் நமது தென் மாவட்டங்களில் நன்கு வேரூன்றி, உலகச் சந்தையில் ‘டின்னவேலி சென்னா’ எனத் திருநெல்வேலியின் பெயராலேயே விலை போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது.

இதன் இலையிலும் காயிலும் சென்னோசைடு என்னும் சத்து உண்டு. இது இரைப்பையில் வேலை செய்வதில்லை; பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைந்த பின்னரே குடலை அசையத் தூண்டுகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் உட்கொண்டு காலையில் பலன் காண்பது இதனாலேயே. பொறுமையின்றி மறுமுறையும் உட்கொள்வோர் வயிற்றுக் கடுப்பால் துன்புறுவர். சுக்கு சேர்த்து வழங்குவதும் அக்கடுப்பைத் தணிக்கவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். இதனை அன்றாட உணவுபோல் கொள்ளலாகாது. ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் உடலின் நீரும் பொட்டாசியம் என்னும் உப்பும் குறையக்கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வைத்தியர் சொல்லாமல் உட்கொள்ளவே கூடாது. காரணம் அறியாத வயிற்று வலி உள்ளவர்கள் இதனைத் தொடாது, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். நீர், கீரை, தவிடு நீக்காத தானியம், சிறிது நடை ஆகியவையே நாள்தோறும் கொள்ளத்தக்க மருந்து.

இனி, பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. நீர் தேங்கும் நிலம் இச்செடிக்கு ஆகாது. பூந்தண்டைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். பறித்த இலையைக் குவித்து வைத்தால் புழுங்கிக் கறுத்துவிடும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மஞ்சள் கலந்த பசுமை மாறாமல் உலர்த்துதல் வேண்டும். நிறமும் சத்தும் குன்றிய சரக்கு வியாபாரி கூறும் விலைக்கே போகும்.

தனித்தனியே உலர்த்துக் கொட்டகை அமைக்கச் சிறு விவசாயிக்கு இயலாது. சங்கமாகக் கூடினால் இயலும். தரம் பிரித்து ஒன்றாக விற்றால் விலை பேசும் வலிமையும் நம் பக்கம் வரும். 1944-இல் சென்னையில் நாட்டு வைத்தியர்கள் கூட்டுறவு முறையில் தொடங்கிய ‘இம்காப்ஸ்’ மருந்து நிலையம் இன்றும் நிலைத்து நிற்கிறது. மருந்து செய்வோருக்குக் கைகொடுத்த கூட்டுறவு, மூலிகை விளைவிப்போருக்கும் கைகொடுக்கும் என்பது நமது உறுதி. அளவறிந்து உண்போம்; ஒன்றுகூடி விற்போம்.