சொத்து விவரம் இல்லாத பாகப்பிரிவினை

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எந்த ஊர்ப் பாகப்பிரிவினையானாலும் முதலில் சொத்து விவரத்தைத்தான் தேடுவேன். 843 ஆகஸ்டில் வெர்டன் நகரில் மூன்று சகோதரர்கள் ஃபிராங்குப் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டதைப் படித்தபோதும் அப்படித்தான். பள்ளிப் புத்தகங்கள் அதை பிரான்சும் ஜெர்மனியும் பிறந்த கதையாகச் சொல்லி முடித்துவிடும்.

சார்லமேனின் மகன் பக்திமான் லூயி, மூத்தவன் லோத்தருக்குப் பேரரசர் பட்டம், இளையவர் இருவருக்கும் சிற்றரசுகள் என்று 817-லேயே ஏற்பாடு செய்துவிட்டார். 823-ல் இரண்டாம் மனைவி யூடித்துக்கு சார்லஸ் பிறந்தான். அவனுக்கும் பங்கு தர ஏற்பாட்டைத் திருத்தியதும், மூத்த தாரத்துப் பிள்ளைகள் தகப்பன்மீதே படையெடுத்தார்கள். 840-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஜூன் 25 அன்று ஃபோன்தெனுவா போரில் லோத்தரைத் தம்பிகள் லூயியும் சார்லஸும் சேர்ந்து தோற்கடித்தார்கள்.

சார்லஸ் பக்கம் போரிட்ட நிட்ஹார்ட், சார்லமேனின் மகள் வயிற்றுப் பேரன். பிறகு நடந்த பேச்சுவார்த்தையை எழுதிவைத்தவர் அவர்தான். 842 அக்டோபரில் கோப்ளென்ஸில் கூட்டம். சண்டை மூண்டுவிடக் கூடாதென்று லோத்தரின் ஆட்கள் ரைன் நதியின் மேற்குக் கரையிலும் தம்பிகளின் ஆட்கள் கிழக்குக் கரையிலும் தங்கினார்கள். தினமும் செயின்ட் காஸ்டர் தேவாலயத்தில் சந்திப்பு. தம்பிகள் தரப்பு கேட்டது: பேரரசு முழுவதையும் அறிந்தவர் இங்கே உண்டா? ஒருவருமில்லை. தெரியாத சொத்தைச் சமமாகப் பிரிப்போமென்று எப்படிச் சத்தியம் செய்வது? பேச்சு அங்கேயே நின்றது.

கேள்வி நியாயமானதுதான். அரசன் பிழைத்தது அரசப் பண்ணைகளின் விளைச்சலில். பிரபுக்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டதும் நிலத்தையும் மடங்களையும் மானியமாகக் கொடுத்துத்தான். அவற்றை எண்ணாமல் பங்கு ஏது?

அடுத்த ஆண்டு வெர்டனில் பங்கு முடிந்தது: சார்லஸுக்கு மேற்கு, லூயிக்குக் கிழக்கு. நடுவே வடகடலிலிருந்து இத்தாலி வரை நீண்ட பகுதி, ஆஹனும் ரோமும் உட்பட, லோத்தருக்கு. ரைனுக்கு மேற்கே இருந்தும் மைன்ஸ், வார்ம்ஸ், ஸ்பேயர் மூன்றும் லூயிக்குப் போயின. அங்கே திராட்சை மது மிகுதி என்பதே காரணமென்று மடாதிபதி ரெஜினோ பின்னாளில் எழுதினார்.

வெர்டன் ஒப்பந்தத்தின் மூலப்பிரதி இன்று இல்லை. 855-ல் லோத்தரின் பங்கு அவருடைய மூன்று மகன்களுக்குள் மறுபடி உடைந்தது. அவர்களில் இரண்டாம் லோத்தர் 869-ல் முறையான வாரிசின்றி இறந்தான். அண்ணன் இத்தாலியில் போரில் இருக்கையில், சித்தப்பாக்கள் இருவரும் 870-ல் மெர்சென்னில் அந்த நிலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பகிர்வின் பட்டியல் மட்டும் செயின்ட் பெர்டின் ஆண்டுக்குறிப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. மேற்றிராசனங்கள், மடங்கள், கவுண்ட் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் என்று பெயர் பெயராக நீள்கிறது. நாடுகளைத் தேடி அதைப் புரட்டுகிறவர் சலித்துப்போவார். வருமானத்தைத் தேடுகிறவருக்கு வரிக்கு வரி வேலை இருக்கிறது.