புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம்

எங்க சுரக்குடிப் பக்கம் மாதிரியே புதுச்சேரிக் கரையும் தட்டை. கரையோரத்தில் விளக்கு வைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. மாமல்லபுரத்தில் குன்று இருந்தது. அதன் மேலிருந்த பல்லவர் கோயிலிலேயே விளக்கு வச்சாங்க. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் உயரத்தையே கட்ட வேண்டியிருந்தது.

அன்று கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும், சரக்கு படகில் கரைக்கு வரும். இருட்டில் ஊர் எங்கேன்னு தெரியணுமே? 1836 ஜூலை 1 அன்று விளக்கு எரிந்தது.

ஏன் உயரம்? பூமி உருண்டை. உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்க, வெளிச்சம் கடல்மட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் தெரியும்னு வந்துடும். 25 மீட்டருக்குச் சுமார் 18. அதை இரட்டிப்பாக்க 100 மீட்டர் வேணும்! மிச்சத்தைப் பாய்மரம் பார்த்துக்கும்: மேலே ஏறி நிற்பவர் கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

1979-ல் புதிய விளக்கம் வந்ததும் இது அணைந்தது. இப்போ, காந்தி சிலைக்குப் பக்கத்தில், போட்டோவுக்குப் பின்னணி.