வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சல் ஊசி போடலாமா?

டென்மார்க்கில் வாழும் எம்மவர் வீடுகளில் ஒவ்வொரு ஒக்டோபர் மாதமும் எழும் கேள்வி இது. எமது தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கை இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, "அக்கா, டொக்டர் ஊசி போடச் சொல்லுறார். ஊரிலையிருந்து அம்மா வேண்டாமெண்டு சொல்லுறா. நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவள். வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் இதே கேள்விக்கு ஒருமுறை பதில் தேடாமல் விட்டுப் பட்டு அறிந்தவள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு டெனிஷ் மொழி சரியாக வராது. டொக்டர் நிறைய விளங்கப்படுத்தினார். "இன்புளுவென்சா" என்ற சொல் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். "வயித்திலை பிள்ளையோடை கண்ட கண்ட ஊசியும் போடாதை பிள்ளை. தடிமன் காய்ச்சலுக்கும் ஊசியே? கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்றார். இவரும் அதுதான் சரி என்றார். ஊசி போடப் போகவில்லை. ஏன் போடவேண்டும் என்று டொக்டரிடம் கேட்கவும் இல்லை.

பெப்ரவரி மாதம் தொழிற்சாலையில் ஒவ்வொருவராகச் சுகவீனம் என்று அறிவித்து வீட்டில் நின்றார்கள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். காய்ச்சல் வந்ததும் தடிமன்தானே என்று மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் இரவு மூச்சு எடுக்க முடியவில்லை. வைத்தியசாலையில் தனி அறையில் ஐந்து நாட்கள் வைத்திருந்தார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்ப்பதற்கு வயிற்றைச் சுற்றிப் பட்டி கட்டினார்கள். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே விழித்துக் கிடந்தேன். மகள் நான்கு கிழமை முந்திப் பிறந்தாள். கடவுள் புண்ணியத்தில் இன்று சுகமாக ஓடித்திரிகிறாள். ஊசி போட்டிருந்தால் இது வந்திராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என அங்கிருந்த டொக்டரே சொன்னார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது பிள்ளைக்கு அப்படி விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி நேரம் எடுத்தேன். என் சந்தேகங்களை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். அன்று அறிந்ததையும் பின்னர் தேடி அறிந்ததையும் கீழே தருகிறேன்.

இன்புளுவென்சா வெறும் தடிமனா?

இல்லை. தடிமன் மூக்கோடும் தொண்டையோடும் போய்விடும். இன்புளுவென்சா திடீரென்று கடும் காய்ச்சலாகவும் உடல் உளைவாகவும் வரும். சிலருக்கு நியுமோனியாவில் கொண்டுபோய் விடும். கர்ப்ப காலத்தில் இருதயமும் நுரையீரலும் கூடுதலாக வேலை செய்கின்றன. உடலின் நோய் எதிர்க்கும் முறையும் மாறுகிறது. அதனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், இந்த நோய் கடுமையாகலாம். பிள்ளை காலத்துக்கு முன் பிறக்கும் ஆபத்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2012ஆம் ஆண்டில் கர்ப்பிணிகளை இந்த ஊசிக்கு முதலிடத்தில் வைத்தது.

ஊசியால் பிள்ளைக்குக் கெடுதல் வருமா?

கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே ஊசியால் இன்புளுவென்சா வராது. சிறுபிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் மருந்து வேறு. அதில் பலவீனமாக்கிய உயிர்க்கிருமி உண்டு. அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது டென்மார்க்கில் கர்ப்பிணிகள் பலருக்கு அதற்கான தடுப்பூசி போட்டார்கள். அக்காலத்தில் இங்கு பிறந்த 53,432 குழந்தைகளின் விபரங்களை டெனிஷ் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். அவர்களில் 6,989 குழந்தைகளின் தாய்மார் ஊசி போட்டவர்கள். அந்தக் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடோ, காலத்துக்கு முந்திய பிறப்போ கூடுதலாக இருக்கவில்லை.

கை நோவு, உடல் அலுப்பு, சிறு காய்ச்சல் ஓரிரு நாட்களுக்கு வரலாம். இந்த ஊசிமருந்தைப் பெரும்பாலும் கோழி முட்டையில் தயாரிக்கிறார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் முதலிலேயே சொல்லவேண்டும். சைவ உணவுக்காரரும் இதை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

முழுப் பாதுகாப்பா?

அதுவும் இல்லை. பரவும் கிருமியோடு ஊசி நன்றாகப் பொருந்தும் வருடங்களில்கூட 40 முதல் 60 சதவீதம் வரைதான் நோயைத் தடுக்கும். ஆனால் ஊசி போட்டவருக்கு நோய் வந்தாலும் கடுமை குறையலாம். இன்னொரு நன்மையும் உண்டு. பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு இந்த ஊசி போடமுடியாது. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த பின்னும் சில மாதங்கள் காக்கிறது.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அன்றிரவே அம்மாவோடு கதைத்தேன்.

"அம்மா, நான் உங்கடை வயித்திலை இருக்கேக்கை நீங்கள் ஒரு ஊசியும் போடேல்லையோ?"

"ஏன் போடாமல்? மிட்வைஃப் அம்மா கூப்பிட்டு ஏற்பு ஊசி போட்டவ. அது பிள்ளைக்கு ஏற்பு வராமல் இருக்க. அது வேறை."

இலங்கையில் 1969இலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போட்டு வருகிறார்கள். தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கும் பாதுகாப்பு போய்ச் சேரும் என்பதுதான் அதற்கும் காரணம். இதை நான் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கை கனக்க நோகுமே பிள்ளை?" என்று கேட்டார். அடுத்த நாள் போய் ஊசி போட்டேன். கை இரண்டு நாள் நொந்தது.

செய்யவேண்டியவை

டெனிஷ் சுகாதாரத் திணைக்களம் நான்காம் மாதம் தொடக்கம் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைச் சிபாரிசு செய்கிறது. முதல் மூன்று மாதத்தில் உள்ளவர்கள், நாட்பட்ட வேறு வருத்தம் இருந்தால் டொக்டரோடு கதைக்கவேண்டும். இலையுதிர்காலத்தில் ஊசி போடும் காலத்தில் கர்ப்பிணிகளுக்கு இது இலவசம். போட்டு ஏறக்குறைய இரண்டு கிழமையின் பின்புதான் பாதுகாப்பு வரும். ஆகவே மார்கழிக் குளிர்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் டொக்டரிடமோ, யோர்மோர் என்று இங்கே அழைக்கும் மருத்துவிச்சியிடமோ கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இதற்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். விளங்காமல் "யா" சொல்லாதீர்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், கர்ப்பிணிக்குக் கடும் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் என்னைப்போல நாலு நாள் பார்த்திருக்காமல் உடனே டொக்டருக்கு அறிவியுங்கள். முப்பத்தொன்றுக்கும் பிள்ளை பார்க்கவும் போகும் உறவுகளும், இருமல் இருந்தால் சுகமான பின் போவது நல்லது.

கணவன்மாருக்கும் ஒன்று. முடிவு உங்கள் மனைவியுடையது. ஆனால் டொக்டரிடம் கூடப் போய்க் கேட்கவேண்டியது உங்கள் கடமை.

அந்தத் தங்கை இன்னும் முடிவெடுக்கவில்லை. வருகிற கிழமை மொழிபெயர்ப்பாளரோடு நேரம் எடுத்திருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விகளை இடைவேளையில் இருவருமாக இருந்து ஒரு தாளில் எழுதினோம்.