கணவனின் விசுவாசத்துக்குப் பணயம்

கண்டி தலதா மாளிகையை அடுத்துள்ள தேசிய நூதனசாலை, ஒரு காலத்தில் 'பல்லே வாஹல' என்ற அந்தப்புரம். அரசனின் பெண்கள் வாழ்ந்த இடம். அதே நகரில் உள்ள எஹெலேபொல வளவு, ஒரு பிரதானியின் மனைவி பிள்ளைகளோடு சிறைவைக்கப்பட்ட இடம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் காலத்தில் (1798–1815) இரு வீட்டுப் பெண்களும் கணவன்மாரின் அரசியலுக்கு விலை கொடுத்தார்கள்.

மாகாணங்களை ஆளப் போகும் பிரதானிகள் குடும்பத்தைத் தலைநகரில் விட்டுச் செல்வது கண்டி அரசின் வழக்கம். கணவன் பணிந்திருக்கும்வரை அது கௌரவம். கலகம் மூண்டால் அதுவே பணயம். அப்படிப்பட்ட பிரதானிகளில் ஒருவரான எஹெலேபொல 1814இல் சப்ரகமுவவில் கிளர்ந்தெழுந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். அவர் தப்பினார்; அகப்பட்டது அவர் மனைவி குமாரிஹாமி. பிள்ளைகள் தாயின் கண்முன்னே சிரச்சேதம் செய்யப்பட்டனர். பிறகு அவரைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். பிள்ளைகளின் தலைகளைத் தாயையே உரலில் இடிக்க வைத்தார்கள் என்ற செய்தியில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கொலைகளில் இல்லை.

அரசியரின் கதை வேறு. 1739இல் கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரனே முடிசூடினான். மதுரை நாயக்கர் வம்சத்துக்குக் கண்டி அரியணை கிடைத்ததே ஒரு பெண்ணின் திருமணத்தால்தான். அந்த வம்சம் வீழ்ந்தபோதும் பெண்கள் தப்பவில்லை. 1815 பெப்ரவரி 18இல் மெதமஹநுவரப் பக்கம் மன்னன் பிடிபட்டான். உடனிருந்த அரசியரின் நகைகள் பறிபோயின. மறு ஆண்டு ஆங்கிலேயர் அவனைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1832இல் மன்னன் அங்கேயே இறந்தான்.

இது கண்டியோடு முடிந்த கதையல்ல. ஸ்டாலினின் வலக்கரமாக இருந்த மொலோட்டோவின் மனைவி பொலினா 1949இல் கைதாகிக் கசகஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். கணவரோ தலைமைக் குழுவில் தொடர்ந்து அமர்ந்திருந்தார். 1953இல் ஸ்டாலின் இறந்த பிறகே பொலினாவுக்கு விடுதலை.

மீண்டும் கண்டிக்கு வருவோம். மன்னனின் கொடுமைகளைக் காரணம் காட்டித்தான் 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில் ஒப்பமிட்ட எஹெலேபொலவையும் ஆங்கிலேயர் 1818இல் தடுத்துவைத்து, 1825இல் மொரீஷியசுக்கு நாடுகடத்தினர். 1829இல் அங்கே மாண்டார். குமாரிஹாமியின் மரணம் ஆங்கிலேயருக்கு நாட்டைப் பிடிக்க ஒரு நியாயமாயிற்று. அவருக்கு நியாயம் எந்தத் தரப்பிடமும் கிடைக்கவில்லை.

கண்டிக்குப் போகிறவர்கள் வாவியைச் சுற்றிப் பார்ப்பதோடு நில்லாமல் அந்த வளவையும் பாருங்கள். அரசியல் கணக்கை மனைவி மக்களிடம் தீர்த்துக்கொள்ளும் ஆட்சி, எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் கொடுங்கோன்மைதான்.