பந்து ஒரு சாக்கு!

மூன்று கிராம்கூட எடையில்லாத ஒரு பிங்பாங் பந்து அமெரிக்காவையும் சீனாவையும் சேர்த்து வைத்தது என்று பொது அறிவுப் புத்தகங்களில் போட்டிருக்கும். நான் மெக்கானிக்கல் படிப்பவன். மிஷின் ஓடுதுன்னா மோட்டார் எங்கேன்னு தேடுவதுதானே நம்ம பழக்கம்?

1949-ல் மா சே துங் தலைமையில் மக்கள் சீனக் குடியரசு அமைந்தது. தோற்ற சியாங் கை ஷேக்கின் அரசு தைவான் தீவுக்குப் போனது. அமெரிக்கா அந்த அரசைத்தான் 'சீனா' என்றது. ஐ.நா. சபையில் வீட்டோ அதிகாரத்தோடு சீனாவின் நாற்காலியும் தைவானிடமே! ஜனங்கள் ஒரு பக்கம், நாற்காலி இன்னொரு பக்கம். கொரியப் போரில் சீனப் படையும் அமெரிக்கப் படையும் நேருக்கு நேர் மோதின.

சீனாவுக்கு இருந்த ஒரே பெரிய துணை சோவியத் ரஷ்யா. அதுவும் 1960-ல் கசந்தது. ரஷ்யா தன் நிபுணர்களை ஒரேயடியாகத் திருப்பி அழைத்துக்கொண்டது. தொழிற்சாலைகள் பாதியில் நின்றன. (டிராயிங்கையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த வலி டிப்ளமோ மாணவனுக்குப் புரியும்!) 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவில் இரு படைகளும் சுட்டுக்கொண்டன. இருவரிடமும் அணுகுண்டு. வடக்கே ரஷ்யா, தெற்கே வியட்நாமில் அமெரிக்கப் படை. இரண்டு எதிரியை ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது? அமெரிக்காவுக்கும் வியட்நாமிலிருந்து கௌரவமாக வெளியேற வழி வேண்டியிருந்தது. இதுதாங்க மோட்டார்.

இனி பந்துக்கு வருவோம். 1971-ல் ஜப்பானின் நகோயாவில் உலகப் போட்டி. கிளென் கோவன் என்ற அமெரிக்க வீரர் தன் பஸ்ஸைத் தவறவிட்டு, சீன அணியின் பஸ்ஸில் ஏறிவிட்டார். யாரும் பேசவில்லை. மூன்று முறை உலகச் சாம்பியனான சுவாங் சேடுங் மட்டும் எழுந்து வந்து பட்டுத்துணிப் படம் ஒன்றைப் பரிசளித்தார். போட்டோ பேப்பரில் வந்துவிட்டது. அமெரிக்க அணியை அழைக்க வேண்டாம் என்று ஒப்புதல் கொடுத்திருந்த மா சே துங், தூக்க மாத்திரை போட்ட ராத்திரியில் மனசு மாறி, நர்ஸிடம் சொல்லி அழைப்பு அனுப்ப வைத்தாராம். ஏப்ரல் 10-ல் அணி சீனாவுக்குள் நுழைந்தது.

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். இதைச் சொன்னதும், "பேசணும்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பான்டா, பஸ்ஸு ஒரு சாக்கு" என்றார். பங்காளிச் சண்டை பார்த்தவர் அல்லவா!

அதே வருஷம் ஜூலையில் கிஸிங்கர் வயிற்றுக்கோளாறு என்று சொல்லி, பாகிஸ்தானில் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பெய்ஜிங் போய்வந்தார். அக்டோபர் 25-ல் ஐ.நா. நாற்காலி கைமாறியது. ஆதரவு 76, எதிர்ப்பு 35. இந்தியா ஆதரித்தே ஓட்டுப் போட்டது. 1972 பிப்ரவரியில் நிக்ஸனே போய் இறங்கி, பிரதமர் சூ என் லாயிடம் முதலில் கை நீட்டினார்.

முழுத் தூதரக உறவு வர 1979 ஜனவரி 1 ஆயிற்று. தைவானுடன் இருந்த தூதரக உறவை அமெரிக்கா அன்றே முறித்தது. ஆனால் தைவானுக்கு ஆயுதம் விற்பதை விடவில்லை. அந்தத் தகராறு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.